பொட்டலில் பிடுங்கிய டியூப்லைட்டுகள்

"நடுச்சாமத்துல கெணத்துல பொணம் மெதக்குதுன்னு ஆள் வந்து கதவத் தட்டினா, நீ எந்திரிச்சுப் போவியா? இல்ல அப்பாவத் துணைக்குக் கூப்பிடுவியா?"

கிராம நிர்வாக அலுவலராக நான் பணியில் சேர்ந்த அன்று தாசில்தார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் அப்பா வெளியே வேப்பமரத்தடியில் வெளுத்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் திறந்துதான் கிடந்தது.

"போவேன் சார்" என்றேன்.

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இந்த வருடம் எங்கள் பகுதியில் மூன்று பெண்கள் அதே வேலைக்கு வந்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மூவரும் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, பாடத்துல இல்லாதது என்னென்ன தெரிஞ்சு வச்சுக்கணும்?" என்று கேட்டார்கள். டீ போட்டுக் கொடுத்தேன். சிட்டா, அடங்கல் என்று நிலக் கணக்குகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். அவர்கள் கேட்டது அதுவல்ல என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தலை நரைத்து, பென்ஷன் வாங்கி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. பென்ஷனும் கிடையாது. ஆனாலும் வேலை முடிந்துவிட்டது, ஆகையால் எழுதலாம்.

என் அப்பா கல்லல் பக்கம் கிணறு வெட்டுகிறவர். அம்மா களையெடுப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேர்வு எழுதினேன், ஊரில் யாரிடமும் சொல்லாமல் எழுதினேன், தேறினேன். பயிற்சியில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கவும், புலப்படம் பார்க்கவும், வரி வசூலுக்கு ரசீது போடவும் சொல்லிக் கொடுத்தார்கள். அதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. கடினமாக இருந்தது ஒன்றுதான். ஊருக்குள் ஒருவர் இயற்கையாகச் சாகவில்லை என்றால், அதைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லும் கடமை கிராம நிர்வாக அலுவலருடையது. வழக்கில் முதல் சாட்சியும் அநேகமாக அவரேதான். பார்த்ததைச் சொல்ல வேண்டும். நினைத்ததைச் சொல்லக் கூடாது. தூக்கில் தொங்கியவர் பக்கத்தில் பூச்சிமருந்து டப்பா கிடந்தால், டப்பா கிடந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும், குடித்தார் என்று சொல்லிவிடக் கூடாது.

தைலமரக் காட்டில் ஒரு தூக்கு, கண்மாயில் ஒரு தாயும் பிள்ளையும், இடி விழுந்து ஒரு ஆட்டுக்காரர். எல்லாவற்றுக்கும் போனேன். தலையாரி கருப்பையாவைத் தவிர எனக்குத் துணை கிடையாது. அப்பாவை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கருப்பையாவுக்கு என் அப்பா வயதிருக்கும். எந்தப் பிணத்துக்குப் பக்கத்திலும் நின்று அவரால் வெற்றிலை போட முடியும். "நீங்க வாந்தி எடுக்கப் போறீகன்னு பந்தயம் கட்டியிருந்தேன் தாயி, தோத்துப் போனேன்" என்று முதல் தூக்கின்போது சொன்னார்.

தாசில்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடத்தில் இல்லாதது அவர்தான். நல்ல உயரம். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. யாரையும் சத்தம் போட்டுத் திட்ட மாட்டார். முக்கியமான உத்தரவை அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்ல மாட்டார். கிளம்பும்போது ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், வேறு எதையோ பேசி முடித்ததுபோல் சொல்வார். அதையும் முழு வாக்கியமாகச் சொல்ல மாட்டார். "அந்தக் கண்மாய் விஷயம்... பார்த்துக்கங்கம்மா." ஜீப் போய்விடும். நன்றாக முடிந்தால் அவர் சொல்லி நடந்தது. கெட்டுப் போனால், அவர் பார்த்துக்கொள்ளத்தானே சொன்னார்?

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய பொட்டல் இருக்கிறது. யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம். யுத்தம் முடிந்த பிறகு எந்த விமானமும் அங்கே நிற்கவில்லை. சிமெண்ட் வெடித்து, வெடிப்பில் ஆவாரஞ்செடி முளைத்து, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஏரோப்ளேன் பொட்டல் என்றுதான் ஊரில் பெயர். அது அரசு நிலம். என் கணக்கில் இருந்தது.

ஊரில் பெரிய வீடு என்றால் ஒரு வீடுதான். வியாபாரக் குடும்பம், அவர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில்தான் நானும் படித்தேன். அந்த வீட்டு ஐயாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அவருடைய இரண்டாவது மகன், சின்னவர் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், சென்னையில் தொழில் செய்துகொண்டிருந்தார். ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பேசி, அதில் வந்து பொட்டலில் இறங்கப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அதற்கு முறைப்படி யாரிடம் அனுமதி வாங்கினார்கள் என்று நான் தாசில்தாரிடம் கேட்டேன். அவர் ஒரு கால் ஜீப்பில், ஒரு கால் தரையில்.

"அன்னைக்குப் பொட்டல்ல மாடு கீடு வராம... பார்த்துக்கங்கம்மா."

"சார், அனுமதி..."

ஜீப் கிளம்பிவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நானும் கருப்பையாவும் பொட்டலில் நின்றோம். வெயில் இன்னும் இருந்தது. ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டு, வரிசையாக டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்தார் சேவுகன். எங்கள் பகுதியில் மைக்செட், லைட்செட் என்றால் சேவுகன்தான். சாதிக்கொரு கோயிலும் கோயிலுக்கொரு திருவிழாவும் உள்ள ஊர்களில், சேவுகனுடைய குழாய் ஸ்பீக்கர் பாடாத கோயில் கிடையாது. மாதா கோயில் தேர்ப்பவனிக்கும் அவர்தான்.

பெரிய வீட்டு மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். "வெளிச்சத்துலயே வந்துருவாக. ஒருவேளை இருட்டிட்டா இருக்கட்டும்னுதான் இந்த லைட்டு. ரெண்டு வரிசை வெளக்கு தெரிஞ்சாப் போதுமாம், நடுவுல எறக்கிருவேன்னு பைலட்டு சொல்லிட்டாராம்" என்று என்னிடம் விளக்கினார்.

கருப்பையா என் பக்கம் குனிந்து, "ஒரு தாசில்தாரு, ஒரு விஏஓ, ஒரு தலையாரி. எல்லாம் நாலு மாட்டுக்குப் பயந்து. ஏரோப்ளேனை மாடு முட்டிரும்னு சர்க்காரு நெனைக்குதாக்கும்" என்றார். சேவுகன் ஏணியில் இருந்தபடியே சிரித்தார். "முட்டினா நீங்கதான் மாமா வண்டியில பூட்டி ஓட்டிட்டுப் போகணும்."

பொழுது சாய்ந்தது. விமானம் வரவில்லை. வீட்டிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து மேனேஜரிடம், "சென்னையிலேர்ந்து போன் வந்துச்சு. சின்னவருக்கு ஏதோ மீட்டிங்காம். இன்னைக்கு வரலையாம். விடியக் காலம்பற வாராகளாம்" என்றான்.

அந்த நேரத்தில்தான் ஆச்சியின் கார் வந்தது. ஆச்சி என்றால் ஐயாவின் மனைவி, சின்னவரின் தாயார். திருக்கோஷ்டியூரில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பொட்டலில் டியூப்லைட் எரிவதைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை இறக்கினார்.

"என்னங்கிறேன், இங்கிட்டு யாருக்கு வெளிச்சம்? நரிக்கா?"

மேனேஜர் ஓடிப்போய்ச் செய்தியைச் சொன்னார்.

"அவன் வரலேன்னா இது எதுக்கு எரியுது? மெயின் ரோட்டுலேர்ந்து நம்ம வாசல் வரைக்கும் பாத்துட்டு வாரேன். இருட்டுக் கெடங்கா இருக்கு. சம்பந்தகாரக வாராக, பினாங்குலேர்ந்து வாராக, இருட்டுல தடவிக்கிட்டா வருவாக? இதையெல்லாம் பிடுங்கி அங்கிட்டுக் கட்டச் சொல்லும்."

கார் போய்விட்டது. மேனேஜர் திரும்பி, "சேவுகா, அம்புட்டையும் அவுத்து ரோட்டுல கட்டு. ரெண்டு பக்கமும்" என்றார்.

சேவுகன் ஏணியைக் கீழே வைக்காமலே கேட்டார். "நாளைக்குக் காலையில மறுபடி கட்டணுமாண்ணே?"

"காலையில வெளிச்சத்துல எதுக்குய்யா லைட்டு? நீ கட்டு."

நான் பக்கத்தில் நின்றேன். கருப்பையாவும் நின்றார். இதில் தப்பாக எதுவும் அப்போது எங்கள் யாருக்கும் படவில்லை. விசேஷ வீட்டுக்குப் போகிற ரோடு இருட்டாகக் கிடந்தால் அந்த வீட்டுக்குக் குறைச்சல். எங்கள் பக்கம் பந்தலை விட ரோட்டு விளக்குதான் முதலில் பேசப்படும். எத்தனை தூரத்துக்கு டியூப்லைட் கட்டியிருந்தார்கள் என்பதை வைத்துத்தான் விசேஷத்தையே அளப்பார்கள். மெயின் ரோட்டிலிருந்து பெரிய வீட்டு வாசல் வரை அந்த ரோடு, அளந்து போட்டதுபோல் நேராக இருக்கும். இரண்டு ஓரமும் புளியமரம். சேவுகன் மரத்துக்கு முன்னால் கம்பு நட்டு, இரண்டு வரிசையாகக் கட்டி முடித்தார். ஜெனரேட்டரையும் கொண்டுபோய் ரோட்டோரம் வைத்தார். பொட்டல் இருட்டாகிவிட்டது. மாடுகளை விட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். சின்ன விமானம், சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. ஊரின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. கல்யாண வீட்டு வாசலில் இருந்தவர்கள் கையைத் தூக்கி ஆட்டினார்கள். "சின்னவரு வந்துட்டாருடோய்" என்று யாரோ கத்தினார்கள். மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிட்டதாம், மனசு மாறிக் கிளம்பிவிட்டாராம். புறப்படுவதைச் சொல்ல அவர் ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். மேளச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

விமானம் திரும்பியது. பொட்டல் பக்கம் போகவில்லை. ரோட்டுக்கு நேராக இறங்கியது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேலே இருப்பவருக்கு இரண்டு வரிசை வெளிச்சம் தெரியும். வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்கும் புளியமரம் தெரியாது. நான் ஓடினேன். ஓடி என்ன செய்ய நினைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இறக்கை மரத்தில் மாட்டிய சத்தம், கட்டடம் சரிகிற மாதிரி இருந்தது. டியூப்லைட் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. இருட்டில், விமானம் தலைகீழாக வாய்க்காலுக்குள் கிடக்க, அதன் வயிற்றுப் பக்கம் தீ நீலமாக ஓடியது. சாப்பாட்டுப் பந்தி நடந்ததால் ரோட்டில் கூட்டம் இல்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்த சேவுகன்தான் முதலில் போனார். கதவைக் கையாலேயே பெயர்த்துச் சின்னவரை இழுத்து வெளியே போட்டவர் அவர்தான். விமானியையும் இழுத்தார். இருவருக்கும் உயிர் இல்லை. சேவுகனின் கை இரண்டும் மணிக்கட்டு வரை வெந்துவிட்டன.

அன்று ராத்திரி முழுக்க நான் அங்கே நின்றேன். வைக்கோல் பிரியைத் திரித்து இடத்தைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். உடல்களை மூட வேட்டி வாங்கினேன். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னேன். பெட்ரோல் வாசம் போகிற வரை யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது என்று கருப்பையாவை நிறுத்தினேன். அப்படியும் விடிவதற்குள் ஒரு சக்கரமும் நிறைய அலுமினியத் தகடும் காணாமல் போயிருந்தன. காலையில் தமுக்கடிக்க வைத்தேன். ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் கோழிக்கூட்டுக்கு மேல் போட்டிருந்த தகட்டைக் கோழி எச்சத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்ல கனமில்லாத தகரம்மா" என்றார் வருத்தத்தோடு.

விமானி வாலிபர். கோயம்புத்தூர்ப் பக்கம். அவருடைய தகப்பனார் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெரிய வீட்டிலிருந்து அவரிடம் பேச ஒருவரும் வரவில்லை. அவர் என்னிடம், "பையன் குடிச்சிருந்தான்னு பேசிக்கறாங்க. குடிக்க மாட்டானுங்க" என்றார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட வேண்டியவர் அவர் இல்லை.

அந்தப் பேச்சு பெரிய வீட்டிலிருந்துதான் கிளம்பியது என்று இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. முதலில் விமானி குடித்திருந்தார் என்றார்கள். பிறகு பேச்சு மாறியது. பொட்டலில் இருந்த விளக்கைச் சேவுகன் யாரையும் கேட்காமல் பிடுங்கிவிட்டார், ரோட்டுக்கு அவரிடம் டியூப்லைட் போதவில்லை, அதனால் கழற்றிப் போட்டுவிட்டார் என்று மேனேஜர் போலீசில் வாக்குமூலம் கொடுத்தார். கையில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சேவுகனைக் கைது செய்தார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்று வழக்கு. கை வெந்திருப்பதே அவர் அங்கே இருந்ததற்கு ஆதாரமாம். இருந்தார், ஆமாம். இழுத்துப் போட்டார்.

சேவுகனின் மனைவி பஞ்சவர்ணம் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "நீங்க அங்க நின்னீகளாம்ல. எங்க வீட்டு ஆளு சொல்லுச்சு, விஏஓ அம்மாவுக்குத் தெரியும்னு. தெரியும்னா சொல்லிருங்க. தெரியாதுன்னா அதையும் இப்பவே சொல்லிருங்க, நான் வேற வழி பாக்கணும்."

"தெரியும். சொல்லுவேன்" என்றேன்.

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "இப்படித்தான் தலையாரியும் நேத்து சொன்னாரு. இன்னைக்கு வீட்டுல இல்லேன்னு சொல்லச் சொல்றாரு."

கருப்பையாவை நான் குறை சொல்ல மாட்டேன் என்று நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே சொல்கிறேன், குறைதான். அவர் மகனுக்குப் பெரிய வீட்டு மில்லில் வேலை. அன்று பொட்டலில் தான் மாடு விரட்டிக்கொண்டிருந்ததால் எந்தப் பேச்சும் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டார். பொட்டலில் அன்று இருந்ததே நாலு மாடுதான்.

தாசில்தார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்து, உட்காரச் சொல்லி, முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீங்க பொய் எதுவும் சொல்ல வேணாம்மா. அன்னைக்குச் சாயந்தரம் நீங்க பொட்டலுக்குப் போகல. அவ்வளவுதான். போகாத ஆளை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"நீங்கதான சார் போகச் சொன்னீங்க?"

"நானா? மாடு வராம பார்த்துக்கச் சொன்னேன். விமானம் எறக்கவா சொன்னேன்? அரசு நிலத்துல தனியார் விளக்குக் கட்டினப்ப நீங்க நின்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்கன்னா, அது யாரு மேல வரும்? யோசிங்க. நல்லாப் படிச்ச பொண்ணு."

அடுத்தது மேனேஜர். என்னிடம் வரவில்லை, அப்பாவிடம் போனார். அப்பா கிணற்றுக்குள் இருந்தார். மேனேஜர் மேலே நின்றே பேசினாராம். "எங்க பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ள. அந்த நன்றி இருக்க வேணாமா?" அப்பா சட்டியில் மண்ணை ஏற்றி அனுப்பிவிட்டு, "படிக்க வச்சீக, சரி. பேசக் கூடாதுன்னு சொல்லியா வச்சீக?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அப்பாவுக்கு எங்கள் ஊரைச் சுற்றிக் கிணறு கிடைக்கவில்லை. அமராவதிபுதூரைத் தாண்டிப் போய் வேலை தேடினார்.

கடைசியில் ஆச்சியே கூப்பிட்டனுப்பினார். போனேன். பந்தல் பிரிக்காமல் அப்படியே நின்றது. உள்ளே இரண்டாங்கட்டு முற்றத்தில் ஆச்சி தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது இதுதான்.

"இந்தா புள்ள, நீ அங்க நின்னியாமே. நானா சொன்னேன்? நான் அப்படிச் சொல்லலேல்ல?"

இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த வீட்டில் இருந்த எல்லோரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இல்லை என்று சொல்வது பாவமில்லை என்று பிற்பாடு மாதா கோயில் பங்குச் சாமியார்கூட எனக்குச் சொன்னார். ஆனால் அந்த ஒரு இல்லைக்காகச் சேவுகன் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

"சொன்னீக ஆச்சி. இதையெல்லாம் பிடுங்கி ரோட்டுல கட்டுன்னு மேனேஜர்கிட்டச் சொன்னீக. அவரு சேவுகன்கிட்டச் சொன்னாரு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னவர் ராத்திரியே வருவார்னு உங்களுக்குத் தெரியாது ஆச்சி."

"தெரியாது" என்றார்.

"சேவுகனுக்கும் தெரியாது."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பெண் வந்து என்னை வெளியே கூட்டிப் போனாள். ஆச்சி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அவருடைய துக்கம் எனக்குத் தெரிகிறது. அந்தத் துக்கத்துக்கு ஒரு லைட்செட்காரர் காவல் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

விமானத் துறை அதிகாரிகள் வந்து மரத்தை அளந்தார்கள், ரோட்டை அளந்தார்கள். நான் பார்த்ததை அவர்களிடம் சொன்னேன். குறித்துக்கொண்டு போனார்கள். அவர்களிடமிருந்து எங்களுக்கு எதுவும் வரவில்லை. எனக்கு மட்டும் ஒன்று வந்தது. அரசு நிலத்தை அனுமதியின்றித் தனியார் பயன்படுத்த உடந்தையாக இருந்ததாகத் துறை விசாரணை. தாசில்தார் வந்து, தான் எந்த உத்தரவும் பிறப்பிக்கவில்லை என்று சொன்னார். கருப்பையா வந்து, விஏஓ அம்மா கூப்பிட்டதால் போனேன் என்று சொன்னார். எனக்கு ஊதிய உயர்வை நிறுத்தி, பணிப் பதிவில் குற்றச்சாட்டு நிரூபணமானது என்று ஏற்றி, வேறு ஊருக்கு மாற்றினார்கள். குடும்பத்தில் முதல் முதலாகச் சர்க்கார் வேலைக்குப் போன ஆளின் பெயருக்கு நேராக அப்படி ஒரு கறை. மேல்முறையீடு செய்தேன். அது நிலுவையில் இருந்தபோதே சேவுகன் வழக்கு விசாரணைக்கு வந்தது.

அரசுத் தரப்பின் முதல் சாட்சி நான். கூண்டில் ஏறி, நடந்ததைச் சொன்னேன். அரசு வழக்கறிஞர் என்னைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். பார்த்ததை மாற்றாமல் சொன்னவளுக்கு அந்தப் பெயர். பிறகு அவரே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"உங்கள் மேல் துறை நடவடிக்கை எடுத்திருக்கிறதா?"

"ஆமாம்."

"மேல்முறையீடு செய்திருக்கிறீர்களா?"

"ஆமாம்."

"விளக்கை மாற்றியது மேனேஜர், பொட்டலுக்குப் போகச் சொன்னது தாசில்தார் என்று இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், உங்கள் தண்டனை நீங்கிவிடும், இல்லையா?"

"நீங்கலாம்."

"வேறு கேள்வி இல்லை."

சேவுகனுக்கு ஓராண்டுச் சிறை. என் சாட்சியம் தன் வேலையைக் காத்துக்கொள்ளும் நோக்கம் உடையது, நம்பத் தக்கதல்ல என்று தீர்ப்பில் இருந்தது. பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பவே இல்லை.

மேல்முறையீட்டுக்காகச் சேவுகனை ஜாமீனில் விட்டார்கள். கை இரண்டும் இப்போது முழுதாக மூடாது. ஏணியைப் பிடிக்க முடியாது. பஞ்சவர்ணம்தான் ஆள் வைத்து மைக்செட்டை ஓட்டுகிறாள். இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். தீர்ப்பை முழுக்கப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேஸ்ல ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு. அது நீங்கதான்."

"நான் என்ன செய்யணும்?"

"நான் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், சாட்சி சொல்வதில் எனக்கு லாபமே இல்லை என்று ஆக்கிவிட வேண்டும். அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். என் தண்டனை மேல் போட்ட மேல்முறையீட்டைத் திரும்பப் பெறப் போகிறேன், வேலையையும் விடப் போகிறேன்.

"அப்ப ஒன் பேர்ல ஏத்துனது அப்படியே இருக்குமா?"

"இருக்கும்ப்பா. இனி யாரும் அதை மாத்த முடியாது."

"சேவுகனுக்கு?"

"விடுதலை கெடைக்கலாம். கெடைக்காமலும் போகலாம்."

அப்பா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "நீ வேலைக்குப் போன அன்னைக்கு அந்தாளு கேட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் அப்பவே உள்ள வந்திருக்கணும்" என்றார். வந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது என்று சொன்னேன். சிரித்தார்.

புதிதாக வேலைக்கு வந்த அந்த மூன்று தங்கைகளுக்கும் நான் சொல்லாதது இவ்வளவுதான். அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் விடவில்லை. இதைக் கேட்டுவிட்டு அவர்களில் ஒருத்தி, பொட்டலுக்குப் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று இருந்தது. எழுதிவிட்டேன், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் என்னை மறுபடி விசாரிக்கச் சம்மதித்தது. முந்தாநாள் சிவகங்கைக்குப் போனேன். சேவுகனும் பஞ்சவர்ணமும் பின்வரிசையில் இருந்தார்கள். பெரிய வீட்டிலிருந்து மேனேஜர் மட்டும் வந்திருந்தார். கூண்டில் ஏறினேன். பெயர் கேட்டார்கள். தகப்பனார் பெயர் கேட்டார்கள். தொழில் என்ன என்று கேட்டார்கள்.

"ஒன்றும் இல்லை" என்றேன். "ராஜினாமா செய்துவிட்டேன். என் மேல்முறையீடும் இப்போது இல்லை."

அரசு வழக்கறிஞர் எழுந்தவர், கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் அந்தச் சாயங்காலத்தை முதலிலிருந்து சொன்னேன், ஆச்சியின் கார் வந்து நின்றது உட்பட.